பாசம் திகட்டுகிறது என்று எழுதிவிட்டார்கள், என்ன செய்வது?

தன் பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நினைவுநூல் எழுதியிருக்கும் வாசகி ஒருவரின் கடிதம் இது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கைப்பிரதியை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தங்கள் மதிப்பீட்டாளர் எழுதிய அறிக்கையை அனுப்பி, திருத்தித் தந்தால் மறுபடி பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அறிக்கையில் பாராட்டு நிறையவே இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு வரி: ஏழாம் அத்தியாயத்திலிருந்து பாசம் ‘கிளாயிங்’ ஆகிவிடுகிறது.

அந்த ஒரு சொல் வாசகியைத் தூங்கவிடவில்லை. அகராதியைப் பிரித்தால், ‘முதலில் இனிமையாக இருந்த ஒன்றையே வெறுத்துப்போகும் அளவுக்கு மிகையாக சப்ளை செய்வது’ என்று பொருள் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே சொல்லின் பிறப்பு: லத்தீனில் ‘ஆணி’. கடிதத்தில் அவர் கேட்பதை அப்படியே தருகிறேன். “நான் என்ன சரக்கா அனுப்பினேன், அதிகமாக சப்ளை செய்துவிட்டேன் என்று சொல்ல? என் பாட்டியின் அன்பு ஆணி அடிப்பதுபோல் இருக்கிறது என்கிறார்களா? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். என் எழுத்து நஞ்சு என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார்களா?”

மூன்று வழிகள் அவர் மனதில் ஓடுகின்றன. சொல்லின் மூலப்பொருள்கூடத் தெரியாமல் மதிப்பீட்டாளர் எழுதியிருக்கிறார் என்று பதில் அனுப்புவது ஒன்று. கைப்பிரதியைத் திரும்ப வாங்கிக்கொள்வது இன்னொன்று. பாசம் வருகிற இடங்களையெல்லாம் வெட்டிவிட்டு வறண்ட நடையில் மறுபடி எழுதுவது மூன்றாவது. ஏழாம் அத்தியாயத்தின் முதல் சில பக்கங்களையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

கைப்பிரதிகளைச் செம்மையாக்குவதுதான் என் தொழில். அதனால் இப்படிப்பட்ட அறிக்கைகளைத் தினமும் பார்க்கிறேன், நானும் எழுதுகிறேன். அந்தப் பழக்கத்தில் உறுதியாகச் சொல்கிறேன்: அந்த வரியில் உங்களையோ உங்கள் பாட்டியையோ யாரும் அவமதிக்கவில்லை. அந்தச் சொல்லுக்குள் ஒரு பாராட்டும் ஒளிந்திருக்கிறது. நீங்கள் அகராதியில் படித்த வரியிலேயே அது இருந்தது, பதற்றத்தில் தாண்டிப் போய்விட்டீர்கள். ‘முதலில் இனிமையாக இருந்த’ என்பதுதான் அந்தப் பகுதி.

முதலில் அந்த ‘சப்ளை’யை முடித்துவிடுவோம். நம் பேச்சில் அது சரக்கு, கிடங்கு, வியாபாரம் சம்பந்தப்பட்ட சொல் ஆகிவிட்டது. அகராதி விளக்கத்தில் அதற்கு ‘கொடுப்பது, நிரப்புவது’ என்ற பொதுப்பொருள்தான். ஒரு வாசனை மூக்கை நிரப்பலாம், ஓர் இனிப்பு நாக்கை நிரப்பலாம், ஒரு உணர்ச்சி பக்கத்தை நிரப்பலாம். எல்லாமே அந்த வினைச்சொல்லுக்குள் அடங்கும்.

எதற்குச் சொல்வார்கள், எதற்குச் சொல்ல மாட்டார்கள்

ஒரு சொல்லின் குணம் தெரிய வேண்டுமென்றால் அது எங்கெல்லாம் வராது என்று பார்க்க வேண்டும். கடன் அதிகமானால் ஆங்கிலத்தில் ‘கிளாய்’ ஆகாது. வேலைப்பளு, வலி, இரைச்சல், கசப்பு எதுவும் ஆகாது. சர்க்கரை, நறுமணம், புகழ்ச்சி, கொஞ்சல், மென்மை ஆகியவற்றுக்குத்தான் அந்தச் சொல் ஒட்டும். நல்ல பொருள், அளவு தவறிவிட்டது: இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அது செல்லும். வினைச்சொல்லாக இன்று குறைவாகவே புழங்குகிறது. ‘கிளாயிங்’ என்ற பெயரடையும், ‘கிளாயிங்லி ஸ்வீட்’ (திகட்டும் அளவுக்கு இனிப்பான) என்ற தொடரும்தான் அடிக்கடி கண்ணில் படும்.

தமிழில் நமக்கு அதே குணமுள்ள சொல் கையிலேயே இருக்கிறது: திகட்டுவது. எழுத்தில் தெவிட்டுவது. பாகற்காய் திகட்டியது என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் மேற்கோள் காட்டிய பழமொழி இதிலிருந்து ஒரு படி விலகியது. அதில் அமிர்தம் நஞ்சாக மாறிவிடுகிறது, பொருளே கெட்டுவிடுகிறது. திகட்டலில் பொருள் கெடுவதில்லை. அமிர்தம் அமிர்தமாகவே இருக்கிறது, அருந்துகிறவருக்குத்தான் இன்னொரு மடக்கு இறங்கவில்லை. மதிப்பீட்டாளர் சொன்னது இந்த இரண்டாவதை. உங்கள் எழுத்து பொய்யானது, நாடகத்தனமானது, மலிவானது என்று சொல்லவும் ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை.

பக்கத்துச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ‘கிளட்’ என்பது விழுங்குவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. இன்று சந்தையில் பொருள் குவிந்து கிடப்பதற்குத்தான் அதிகம் சொல்கிறார்கள், அதில் இனிமையும் இல்லை, அருவருப்பும் இல்லை. ‘சேஷியேட்’ என்பது ‘போதும்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. அதில் நிறைவு முன்னால் நிற்கும், சலிப்பு பின்னால் வந்தாலும் வரும், வராமலும் போகும். ‘சர்ஃபிட்’ பழைய பிரெஞ்சில் ‘மிகையாகச் செய்தல்’. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி 1135-இல் இறந்ததற்குக் காரணம் மருத்துவர் தடுத்தும் கேட்காமல் லாம்ப்ரே மீனைத் தின்றதுதான் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிவைத்தார். அதனால் ‘லாம்ப்ரேக்களின் சர்ஃபிட்’ என்ற தொடர் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அது உடம்பைக் கெடுக்கும் மிகுதி. ‘கிளாய்’ மட்டும்தான் இனிமையே அயர்வாக மாறும் அந்தத் தருணத்தைக் குறிவைத்துச் சொல்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தவர் உங்கள் பக்கங்களை அசட்டையாகப் புரட்டியவராக இருக்க முடியாது.

அந்த ஆணியின் கதை

ஆணி உண்மைதான். லத்தீனில் ‘கிளாவுஸ்’ என்றால் ஆணி. அதிலிருந்து இடைக்கால லத்தீனில் ‘இன்கிளாவாரே’ என்ற வினை வந்தது. குதிரைக்கு லாடம் கட்டும்போது ஆணியைத் தவறான இடத்தில் ஏற்றிவிடுவதை அது குறித்தது. லாட ஆணி குளம்பின் வெளிச்சுவரில், உணர்ச்சியில்லாத கடினமான பகுதிக்குள் மட்டும் ஓடி வெளியே வர வேண்டும். கொஞ்சம் உள்ளே சாய்ந்தால் உயிர்ச்சதையில் ஏறிவிடும். குதிரை உடனே காலை உதறும், அல்லது சில நாள் கழித்து நொண்டத் தொடங்கும்.

பழைய பிரெஞ்சின் வழியாக இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் தலையில் இன்னும் ஓர் அசை இருந்தது, ‘அக்ளோய்’ என்பதுபோல. பதினான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த முன்னசை உதிர்ந்துவிட்டது. நொண்ட வைப்பது என்ற பொருளும் ‘நடையைத் தடுப்பது, இடைஞ்சல் செய்வது’ என்று விரிந்தது. பகைவர் கையில் சிக்கப்போகும் பீரங்கியின் பற்றவைக்கும் துளையில் ஆணியை அறைந்து பயன்படாமல் செய்வதற்கும் இதே சொல்லை ஒரு காலத்தில் வைத்தார்கள். தடுப்பது அடைப்பது ஆயிற்று, அடைப்பது வயிற்றை அடைப்பது ஆயிற்று. 1520-களில் இன்றைய பொருள் எழுத்தில் வந்துவிட்டது: வெறுக்கும் அளவுக்கு ஊட்டுவது.

குளம்பிலிருந்து நாக்குக்கு இத்தனை தூரம் வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பயணம் இது. ஓடிக்கொண்டிருந்த ஒன்று நடுவழியில் நின்றுபோவது என்ற கரு மட்டும் கடைசிவரை கூடவே வந்திருப்பதைப் பாருங்கள். சமையலறையில் இருக்கும் கிராம்புக்கும் ஆங்கிலப் பெயர் இதே ‘கிளாவுஸ்’ வழி வந்ததுதான், ஆணி போன்ற உருவம் காரணமாக. அதை மெல்லும்போது யாரும் ஆணியை நினைப்பதில்லை.

இதனால்தான் உங்கள் முதல் திட்டத்தைக் கைவிடச் சொல்கிறேன். ‘இந்தச் சொல்லின் மூலப்பொருள் ஆணி அடிப்பது, நீங்கள் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்’ என்று எழுதினால் அந்த வாதம் நிற்காது. பிறந்த இடம் ஒரு சொல்லின் பழைய வரலாறு, இன்றைய பொருளைத் தீர்மானிப்பது அதைப் பேசுகிறவர்கள். இன்று சோகம் என்ற பொருளில் வழங்கும் ‘சேட்’ பழைய ஆங்கிலத்தில் ‘நிறைந்தவர், போதுமென்றிருப்பவர்’ என்ற பொருளில் இருந்தது. அதைக் காட்டி, அழுதுகொண்டிருக்கும் ஒருவரிடம் உங்களுக்கு வயிறு நிறைந்திருக்கிறது என்று வாதாட முடியுமா? உங்களைக் குத்தியதாக நீங்கள் நினைக்கும் ஆணி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல்லிலிருந்து கழன்றுவிட்டது.

இந்தச் சொல்லை மிகக் கச்சிதமாகக் கையாண்ட இடம் ஷேக்ஸ்பியரின் ‘ஆன்டனியும் கிளியோபாட்ராவும்’ நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் வருகிறது. மற்றப் பெண்கள் தாங்கள் பசியாற்றுகிறவர்களுக்கே தெவிட்டிப்போவார்கள், கிளியோபாட்ராவோ நிறைவு தரும் இடத்திலேயே பசியையும் கிளப்புவாள் என்று ஆன்டனியின் நண்பன் எனோபார்பஸ் சொல்கிறான். அதற்கு அவன் காட்டும் காரணம் அவளுடைய முடிவில்லாத பலவகைத் தன்மை. குறைவாகக் கொடுக்கிறாள் என்று அவன் சொல்லவில்லை. ஒரே மாதிரிக் கொடுப்பதில்லை என்கிறான். உங்கள் ஏழாம் அத்தியாயத்துக்கு வேண்டியதும் இதுதான்.

உங்கள் பக்கங்களில் நான் பார்த்தது

இணைத்திருந்த பக்கங்களை நிதானமாகப் படித்தேன். பாட்டி தலைவாரிவிடும் காட்சி. முதல் பத்தியிலேயே ‘மென்மை’ நான்கு முறை வருகிறது: மென்மையான கை, மென்மையான குரல், மென்மையான வெளிச்சம், மென்மையாகச் சிரித்தாள். அடுத்த பத்தி ‘அவளுடைய அன்புக்கு எல்லையே இல்லை’ என்று முடிகிறது. அதற்கடுத்தது ‘அப்படியொரு அன்பை நான் பிறகு கண்டதேயில்லை’ என்று முடிகிறது. பக்கத்தின் கடைசியில் பாட்டியின் கை தலைமேல் இருக்கிறது, கண்கள் நிறைகின்றன. புரட்டினால் அடுத்த காட்சியும் அதே கையோடு, அதே கண்ணீரோடு முடிகிறது.

ஆனால் இதற்கு நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சீப்பில் சிக்கிய முடியைப் பாட்டி உருவி எடுத்து, ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி வளையமாக்கி, கதை சொல்லி முடிக்கும்வரை கழற்றாமல் வைத்திருந்தாள் என்கிற வரி. அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை. அன்பு என்ற சொல்லே அதில் இல்லை. எழுந்துபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தால் கதை அறுந்துவிடும், குழந்தை ஓடிவிடும் என்று பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது. அதெல்லாம் அந்த வளையத்துக்குள் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே நீங்கள் ‘எவ்வளவு அன்பு அவளுக்கு!’ என்று எழுதி, வாசகர் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய இடத்துக்கு அவரைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டீர்கள்.

சுவையைப் பற்றிய ஆய்வில் இதற்கு ஒத்த ஒரு விஷயம் உண்டு. 1981-இல் ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும், ஓர் உணவை உண்டு முடித்ததும் அந்த உணவின் மீதுள்ள விருப்பம் குறைகிற அளவுக்கு, உண்ணாத மற்ற உணவுகளின் மீதுள்ள விருப்பம் குறைவதில்லை என்று காட்டினார்கள். வயிறு நிறைவது வேறு, ஒரு சுவை அலுப்பது வேறு. அறிக்கை எழுதியவருக்கும் உங்கள் பாட்டி அலுக்கவில்லை என்பது என் கணிப்பு. அவருக்கு அலுத்தது ‘மென்மை’ என்ற ஒரே சுவை. பாட்டி கோபப்பட்ட நாள் இருந்திருக்காதா? யாரிடமாவது கறாராகப் பேசியிருக்க மாட்டாரா? உங்களுக்குப் பிடிக்காத ஏதாவது ஒன்றை அவர் பிடிவாதமாகச் செய்திருப்பார் அல்லவா? ஏழிலிருந்து பத்து வரை நீங்கள் தந்திருக்கும் அத்தியாயச் சுருக்கத்தில் அப்படி எதுவுமே இல்லை. அவற்றை எழுதினால் பாட்டிக்குத் துரோகம் செய்வதாகிவிடும் என்று நினைத்து ஒதுக்கியிருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. அந்தப் பக்கங்களும் வரட்டும்.

அதனால் மூன்றாவது திட்டமும் வேண்டாம். பாசத்தை முழுக்க வெட்டிவிட்டால் மதிப்பீட்டாளர் விரும்பிய நூலும் மிஞ்சாது, நீங்கள் விரும்பியதும் மிஞ்சாது. பெயரடைகளையும், ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் வரும் விளக்க வரியையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். அப்புறம் உரக்கப் படியுங்கள். தொண்டை எங்கே அடைக்கிறதோ அந்த இடத்தில் கை வைக்காதீர்கள்.

பதிப்பகத்துக்கு என்ன எழுதலாம், உங்கள் உரிமை என்ன

கைப்பிரதியைத் திரும்பப் பெற உங்களுக்கு முழு உரிமை உண்டு. இன்னும் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எனவே எந்தக் கட்டுப்பாடும் இல்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அறிக்கை ஒரு கருத்து, அதன்படி திருத்தியே ஆக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. அதேபோல, திருத்தி அனுப்பினால் வெளியிட்டே தீர வேண்டும் என்ற கடமை அவர்களுக்கும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டே உழைப்பைப் போடுங்கள்.

திரும்ப வாங்குவதை இப்போது நான் பரிந்துரைக்க மாட்டேன். மறுபடி பார்க்கிறோம் என்று ஒரு பதிப்பகம் சொல்வது எளிதில் கிடைக்கிற வாய்ப்பு இல்லை. வேறு இடத்துக்கு அனுப்பினாலும் ஏழாம் அத்தியாயம் அதே ஏழாம் அத்தியாயமாகத்தான் இருக்கும். கோபம் தணியவில்லையென்றால் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

விளக்கம் கேட்கலாம், அதில் தவறேதும் இல்லை. ஆனால் சுருக்கமாக, ஒரே ஒரு கேள்வியாகக் கேளுங்கள்: எந்தெந்தப் பக்கங்களில் அப்படித் தோன்றியது என்று குறித்துத் தர முடியுமா? பக்கங்களைக் குறித்துத் தந்தால் உங்கள் பாதி வேலை குறைந்துவிடும். தராவிட்டாலும் கேட்டதால் நட்டம் இல்லை. சொல்லின் பொருள், சொற்பிறப்பு, உங்கள் மனவருத்தம் எதையும் அந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். கோபத்தில் அறிக்கையை எடுத்துப் பொதுவெளியில் போட்டுவிடவும் வேண்டாம். அந்த எழுத்தின் உரிமை உங்களுடையது இல்லை, உங்களை நம்பித் தனிப்பட அனுப்பியது.

ஒப்பந்தம் வந்தால், ‘பதிப்பாளர் தேவையான திருத்தங்களைச் செய்யலாம்’ என்பதுபோல் ஒரு விதி இருக்கும். அதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். எழுத்துப்பிழை, நடைச்சீர்மை போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்ளட்டும். காட்சியை நீக்குவது, வரிசை மாற்றுவது போன்றவற்றுக்கு உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். நற்பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை 1928-லேயே பெர்ன் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதன் வலு நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் எழுத்தாளர் அதை விட்டுக்கொடுத்தும் கையெழுத்திட முடியும். நான் செம்மையாசிரியர்தான், வழக்கறிஞர் இல்லை. அதனால் அந்தப் பகுதியைப் பதிப்புரிமை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

திருத்திய ஏழாம் அத்தியாயத்தை எனக்கும் அனுப்பினால் படிக்கிறேன். அந்த முடி வளையம் இருக்கும் வரியில் மட்டும் எதையும் மாற்றிவிடாதீர்கள், அடுத்த வரியை நீக்கினால் போதும்.